டோக்கன் அக்காவின் உள்ளங்கை

எண்பத்து மூன்றாம் பெட்டியின் மரச்சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே, "இது வீட்டுலேர்ந்து வர்ற போன் கால்" என்றாள் டோக்கன் அக்கா. கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா இல்ல, அப்பா. அம்மான்னா கட்டான உடனே திரும்ப அடிப்பாங்க. அப்பா ஒரு தடவதான் அடிப்பாரு. எடுக்கலன்னா கோவிச்சுக்கிட்டு வச்சிருவாரு" என்றாள். பிறகு தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தாள்.

எதிர் மேசையில் இருந்த சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டார். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அக்கா அளக்கிறாள் என்று நினைத்தார். மதியம் ஒரு மணிக்கு எண்பத்து மூன்றாம் எண்காரர் வந்து டோக்கனை நீட்டி, அந்தப் பெட்டியிலிருந்த தன் போனை வாங்கி, திரையைப் பார்த்து, "அய்யய்யோ, அப்பா!" என்றபோது அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தார். வாரக் கடைசியில் பதினொன்றில் ஒன்பது சரி. தப்பான இரண்டில் ஒன்று அப்பா இல்லை, பெரியப்பா. "அண்ணன் தம்பிங்க. ஒரே புத்தி இருக்கும்ல" என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள் அக்கா.

அது ஒரு படிப்புக்கூடம். வேலைக்கான தேர்வுகளுக்குத் தயார் செய்கிறவர்கள் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வந்து உட்கார்ந்து படிக்கும் இடம். துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், பன்னிரண்டு வரிசை மேசை, வரிசைக்குப் பன்னிரண்டு இருக்கை. இருபது வயதுக்குக் குறைந்தவர் இல்லை, முப்பதைத் தாண்டியவர் ஓரிருவர். சத்தம் கேட்கக்கூடாது என்பதால் செருப்பு, ஷூ எல்லாம் வாசலில். போன் அக்காவிடம். கூடத்தின் ஒரே கண்டிப்பான விதி அதுதான். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு அடித்தால் திரும்ப வைத்துவிட வேண்டும். வீட்டில் ஏதாவது அவசரம் என்று அக்காவின் கைக்குத் தோன்றினால், "வீட்டில் தேடுகிறார்கள்" என்று ஒரு சீட்டு எழுதி சூப்பர்வைசரிடம் உள்ளே கொடுத்தனுப்புவாள். கவுண்டரில் ஒரு பழைய தரைவழித் தொலைபேசி உண்டு.

போன்கள் குடியிருக்கும் அலமாரி, ஏதோ ஒரு தபால் அலுவலகம் கழித்துப் போட்டது. கடிதம் பிரிக்கிற பெட்டிகள், நூற்று நாற்பத்து நான்கு. பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் பழைய கம்பளியை வெட்டி அக்காவே ஒட்டியிருக்கிறாள். அது இல்லாவிட்டால் போன்கள் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து கீழே குதித்துவிடும். முதல் வருஷம் அப்படி மூன்று குதித்தனவாம். "தற்கொலப் படை மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு" என்பாள். எல்லாப் போனையும் கவிழ்த்துத்தான் வைப்பாள். அடுத்தவர் திரையில் கண் படுவது, அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்பது அவள் கட்சி.

முதல் பெட்டியில் அவளுடைய போனே இருக்கும். மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. காலையில் வந்ததும் அதை வைத்துவிட்டு, ஒன்றாம் எண் டோக்கனைத் தன் நீலக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். ஒரு மணிக்கு அந்த டோக்கனைத் தன்னிடமே கொடுத்து வாங்கிக்கொள்வாள். பள்ளி வேன் ஓட்டும் கணவரிடமிருந்து "சாப்டாச்சு" என்று ஒரு வரி வந்திருக்கும். வெளியூரில் நர்ஸாக இருக்கும் மகளிடமிருந்து இதயப் படம் ஒன்று. பதிலுக்கு அவளும் ஒரு இதயம் அனுப்பிவிட்டு, "ஆச்சு, குடும்பம் நடத்தியாச்சு" என்று திரும்ப வைத்துவிடுவாள்.

இந்தக் கை அவளுக்கு நூற்பாலையில் வந்தது. பத்தொன்பது வயதிலிருந்து பதினான்கு வருஷம் அங்கே வேலை. இயந்திர இரைச்சலில் இடது காது முக்கால்வாசி போய்விட்டது. வலது காதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சத்தத்தில் எதுவும் பிடிபடாத இடத்தில், இயந்திரச் சட்டத்தில் கை வைத்தே நூல் சுற்றும் எந்தக் கதிர் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவாளாம். இங்கே வந்தபோது அலமாரி நடுங்குவதைப் பார்த்து, பழக்க தோஷத்தில் கை வைத்திருக்கிறாள். ஆறு வருஷத்தில் அந்த நடுக்கம் அவளுக்கு ஒரு பாஷை ஆகிவிட்டது.

"நீளமா வந்தா ஆளு. குட்டி குட்டியா வந்தா கூட்டம்." இதுதான் அந்தப் பாஷையின் அரிச்சுவடி. அதற்கு மேல் நுணுக்கங்கள் உண்டு. ஒரே இடைவெளியில் ஐந்தாறு வந்து சட்டென நின்றால், காதலன் கோபமாக இருக்கிறான். விட்டுவிட்டு மணிக்கணக்கில் சொட்டினால், குடும்பக் குழுவில் சித்தப்பா பூப்படம் அனுப்புகிறார். தன் படத்தைப் போட்டுவிட்டு வந்தவர்களின் பெட்டி காலையில் முதல் ஒரு மணி நேரம் சடசடவென்று அடிக்கும். அதற்கு அக்கா வைத்த பெயர் மழை.

ஆனால் அவள் படித்ததில் பாதி பெட்டிகளில் இல்லை, ஆட்களிடம். காலையில் போனைக் கொடுக்கும்போது ஒவ்வொரு கையும் எப்படி விடுகிறது என்று அவளுக்குத் தெரியும். சிலர் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். சிலர் கொடுத்த பிறகும் விரலை எடுக்க மாட்டார்கள்; அக்கா மெதுவாக இழுக்க வேண்டும். கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது வெறும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்கள் நாளெல்லாம் தொட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை நாற்பத்தாறுக்கு அறுபத்து நாலின் போனைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே உறை, இரண்டிலும் பூட்டு இல்லை. பையன் சுவரில் சாய்ந்து விரலால் தள்ளிக்கொண்டே நின்றான். நாலு நிமிஷம் கழித்து அறுபத்து நாலு வந்து கேட்டபோதுதான் அக்காவுக்கே உறைத்தது. "நாலு நிமிஷம்ப்பா! வேற ஒருத்தன் போனு. வேற ஒருத்தன் சிநேகிதங்க, வேற ஒருத்தன் ஊரு. அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்று இன்றைக்கும் சொல்லி ஆச்சரியப்படுவாள்.

சூப்பர்வைசர் தன் போனைக் கொடுப்பதில்லை. அலுவல் இருக்கிறது என்பார். மேசைக்குக் கீழே அந்த அலுவலை அவர் தள்ளிக்கொண்டிருக்கும்போது, "நூத்து நாப்பத்தி நாலாம் பெட்டி காலியாத்தான் இருக்கு, சார்" என்பாள் அக்கா, அலமாரியைத் துடைத்தபடி.

மழைக்காரர்களில் முதன்மையானவள் இருபதாம் எண். சுருட்டை முடி என்பதால் எல்லோருக்கும் சுருட்டை. இருபத்து மூன்று வயது, மூன்றாவது முயற்சி. தான் படிப்பதைத்தான் அவள் வீடியோவாகப் போடுவாள்: விடியற்காலை மேசை, விளக்கு, திறந்த புத்தகம், "இன்றும் பன்னிரண்டு மணி நேரம்" என்று ஒரு வரி. பத்தொன்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஒரு மணிக்கு டோக்கனை நீட்டுவதற்கு முன்பே, "அக்கா, இன்னைக்கு எப்படி?" என்று கேட்பாள். "நல்லா பெஞ்சுது" என்றால் முழு டப்பாவையும் காலி செய்வாள். "தூறல்தாம்மா" என்று அக்கா சொன்ன நாட்களில் பாதிச் சோறு மிஞ்சும். அக்கா இதைக் கவனித்த பிறகு மழையைப் பற்றிச் சொல்வதை நிறுத்தப் பார்த்தாள். "பொய்யும் சொல்ல முடியல, உண்மையும் சொல்ல முடியல. சாப்புட்டுட்டு வந்து கேளு, சொல்றேன்" என்று ஒரு நாள் சட்டம் போட்டாள். சுருட்டை சட்டத்துக்குப் பணிந்தாள். அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டாள்.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று சூப்பர்வைசர் நினைத்திருந்தார். பிறகுதான் இருபத்தொன்பதாம் எண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த எண்ணில் ஒரு பையன். தேர்வு முடிவு வந்த நாள். அவனோடு படித்தவர்கள் குழுவில் அவனை வைத்து என்னவோ கேலிப் படம் செய்து சுற்றவிட்டிருந்தார்கள். ஒரு மணிக்குப் போனை வாங்கிப் பார்த்தவன், ஷூவைப் போடாமல் படியிறங்கிப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து வேறு ஊர்ப் பேருந்து நிலையத்தில் கிடைத்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அம்மா வந்து ஷூவை வாங்கிக்கொண்டு போனார். "காலைலேர்ந்து அந்தப் பெட்டி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கூட்டம்னு கைக்குத் தெரிஞ்சுது. என்ன கூட்டம்னு யோசிக்கல. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்பாள் அக்கா. அதற்கு மேல் பேச மாட்டாள். அந்தப் பெட்டியை அவள் காலியாக விடவும் இல்லை. அடுத்த வாரமே வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை சுருட்டையின் பெட்டியில் வழக்கம்போல எட்டரைக்கு மழை தொடங்கியது. ஒன்பதரைக்கு விட வேண்டியது. விடவில்லை. பத்து மணிக்கு வலுத்தது. பத்தேகாலுக்கு முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, தொண்ணூறு என்று அங்கங்கே மற்ற பெட்டிகளும் பிடித்துக்கொண்டன. பன்னிரண்டு மணிக்கு அலமாரி முழுவதும் ஒரே சுருதியில் ரீங்கரித்தது. மேலே வைத்திருந்த தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை. சூப்பர்வைசர் எழுந்து வந்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தானும் மரச்சட்டத்தில் கை வைத்தார். தேன்கூட்டின் மேல் கை வைத்தது போலிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நூற்று நாற்பது சொச்சம் பேர் தலை குனிந்து பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றிய ஏதோ ஒன்று இங்கே மரத்துக்குள் கத்திக்கொண்டிருந்தது. அங்கே பேனா உரசும் சத்தம்கூட இல்லை.

"ஒரே சேதிதான் எல்லாருக்கும் போகுது. எல்லாம் ஒண்ணா ஆரம்பிச்சு ஒண்ணா நிக்குது பாருங்க" என்றாள் அக்கா. "உங்க அலுவலை எடுங்க சார். என்னன்னு பாருங்க."

அவர் எடுத்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு நொடி வீடியோ. சுருட்டை மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது. புத்தகத்தின் ஓரத்தில் எச்சில் ஈரம். மேலே, "பன்னிரண்டு மணி நேர ராணியின் படிப்பு". பின்னணியில் ஒரு குறட்டைச் சத்தத்தையும் சேர்த்திருந்தார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே கருத்துகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. மூன்றாவதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. "எங்கேர்ந்து எடுத்திருக்கு? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"உள்ளேர்ந்துதான். அதே வரிசை. நடுவுல ரெண்டு பேர் கை தெரியுது. ஒரு பச்சை பாட்டில்."

"பச்சை பாட்டில் பதினெட்டு." அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. அலமாரிக்குப் போய்ப் பதினேழாம் பெட்டியின் மேல் கை வைத்தாள். பக்கத்துப் பெட்டிகளெல்லாம் துடித்துக்கொண்டிருக்க, அதற்குள்ளிருந்த போன் கல்லாகக் கிடந்தது.

"இது மூணு வாரமா ஆடல" என்றாள்.

சூப்பர்வைசருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. செத்துப்போன பழைய போன் ஒன்றைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, உயிருள்ளதை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினேழு உள்ளே போயிருக்கிறான். "தெரிஞ்சா சொல்லிருக்கலாமேக்கா?"

"அவனுக்குக் கையில இல்லாட்டி மூச்சு வாங்குது சார். மொத வாரம் படியில உக்காந்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருந்தான், நாந்தான் தண்ணி குடுத்தேன். அடுத்த நாளு இந்தச் செத்தத கொண்டாந்து நீட்டுனான். அன்னைலேர்ந்து மூச்சு வாங்கல. சரி, மாத்திரை மாதிரி வச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்." கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். "பாவம் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது."

மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குச் சுருட்டை டோக்கனை நீட்டுவாள். "போன் கீழ விழுந்து ரிப்பேர்னு சொல்லிருவோம், சாயங்காலம் வரைக்குமாச்சும் தள்ளிப் போடலாம்" என்றார் சூப்பர்வைசர். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இந்தக் கவுண்டரில் ஆறு வருஷமாக ஒரு பொய் சொன்னதில்லை. சீட்டு எழுதி அனுப்பலாம் என்றால், அந்தச் சீட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நடுங்குவார்கள். அவளே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சூப்பர்வைசர் வந்த எட்டு மாதத்தில் அக்கா கூடத்துக்குள் கால் வைத்து அவர் பார்த்ததில்லை. இரண்டாவது வரிசைக்குப் போய், சுருட்டையின் புத்தக ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். சுருட்டை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து, தோள்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கவுண்டரின் தடுப்புப் பலகையைத் தூக்கி அவளை உள்ளே விட்டு, தன் ஸ்டூலில் உட்காரவைத்தாள் அக்கா.

"என்னக்கா, வீட்ல யாருக்காச்சும்..."

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. விஷயம் உன்னப் பத்தி. நேத்து நீ மேசையில தூங்கினத ஒருத்தர் வீடியோ எடுத்துட்டாங்க. காலைலேர்ந்து அது சுத்துது. நெறைய பேர் சிரிக்கிறாங்க. மோசமாவும் எழுதுறாங்க."

இவ்வளவுதான் சொன்னாள். குரலை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. அந்தப் பெண் எதைத் திரையில் படிக்கப் போகிறாளோ, அதை முதலில் ஒரு மனுஷி முகத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்தாள் என்பது சூப்பர்வைசருக்குப் பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது.

சுருட்டை கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எத்தனை பேர்?" என்றாள்.

அக்கா சூப்பர்வைசரைப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சாயிரம் தாண்டிருச்சு" என்றார் அவர்.

"என் வீடியோ எதுவும் அவ்ளோ போனதில்ல" என்றாள் சுருட்டை. சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது போலிருக்கிறது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நாலு மணிக்கு எந்திரிச்சு வீடியோ எடுத்து, வெட்டி, பாட்டு சேத்து... அதனாலதான்கா தூக்கம் வருது. அத யாருகிட்டப் போய் சொல்றது?"

அப்போதுதான் மணி ஒன்று அடித்தது. கண்ணாடிக் கதவு திறந்து கூட்டம் கவுண்டருக்கு வந்தது. ஒரு நிமிஷம் பிந்தித் திறந்தது என்ற பேச்சு ஒருநாளும் வந்ததில்லை அக்காவுக்கு. அவள் திரும்பினாள். இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்து, முழுபலத்தோடு, கீழே வரை இழுத்துவிட்டாள்.

"அக்கா! மணி ஆச்சுக்கா!" "என்னாச்சு, கடைய சாத்திட்டாங்களா?" "அக்கா, என் ஆளு காத்துக்கிட்டு இருப்பா, உங்களுக்குப் புண்ணியமா போகும்!" வெளியே தட்டினார்கள். அக்கா தட்டுவதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காது அவளுக்கு அந்த உதவியைச் செய்தது.

"உன் போனு, கேட்டா இப்பவே குடுத்துருவேன்" என்றாள் சுருட்டையிடம். "ஆனா பன்னண்டு மணிலேர்ந்து இந்த மழைக்கு நடுவுல நீளமா வருது. விட்டதும் திரும்ப அடிக்குது. அது ஒரு ஆளு. மொதல்ல அந்த ஆளுகிட்ட பேசு."

சுருட்டைக்கு அம்மாவின் எண் மனப்பாடம் இல்லை. அக்கா பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, சூப்பர்வைசர் தரைவழித் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் எடுத்தவர் சத்தமாகப் பேசும் ரகம். சின்ன அறை முழுவதும் கேட்டது.

"ஏன்டி, எத்தன தடவ அடிக்கிறது? உன் சித்தி அனுப்பினா, பாத்தேன்."

"அம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா..."

"அது இருக்கட்டும். கழுத்தெலும்பு ஏன்டி அப்படித் துருத்திக்கிட்டு இருக்கு? சாப்புடுறியா இல்லியா? மூணு தடவ போட்டுப் பாத்தேன். தூங்குற புள்ளயப் பாத்து என்னடி சிரிப்பு வேண்டிக் கெடக்கு? சின்னதுல தூங்குவியே, வாயப் பொளந்துக்கிட்டு, அப்படியே தூங்குற."

சுருட்டை அழுதாள். நடுவில் ஒருமுறை சிரிப்பும் வந்துவிட்டது. சூப்பர்வைசருக்கு அங்கே நிற்பது முறையாகப் படவில்லை. பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நூற்று நாற்பது சொச்சம் பேர், வெறுங்கையோடு, பகல் வெளிச்சத்தில். ஒரு மணிக்கு இந்த இடத்தில் இருநூற்று எண்பது கண்களும் கீழே பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இப்போது அவை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலைந்தன. சிலர் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேர் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டினார்கள், அவிழ்த்தார்கள். ஒருத்தி படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தபடி, எதிரே நின்றவனிடம், "நீங்க தொண்ணூறுதானே? உங்க இருமல எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். அவன் திடுக்கிட்டு, "நீங்க?" என்றான். ஒரு வருஷமாக முதுகுக்கு முதுகாக உட்கார்ந்திருப்பவர்கள். யாரோ சிரித்தார்கள். பிறகு பேச்சு மெல்ல எழுந்து, அந்தப் படிக்கட்டு முழுவதும் நிறைந்தது. உள்ளே அலமாரி ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டிருக்க, வெளியே அந்த ரீங்காரத்தை மூழ்கடித்துக்கொண்டு மனிதச் சத்தம். எட்டு மாதத்தில் அவர்கள் குரலை இவ்வளவு கேட்டதில்லை அவர். பதினேழு மட்டும் கடைசியில், கழிப்பறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தனியாக நின்றான். அவனுக்கு மட்டும் சேதி முன்பே தெரியும். முகம் வெளுத்திருந்தது.

அவர் திரும்ப உள்ளே வந்தபோது அக்கா நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னொன்னும் இருக்கு. நீ வெளியில கேள்விப்படுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எடுத்தவன்கிட்ட உள்ள போன் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

சுருட்டை தலையைத் தூக்கினாள். "தெரிஞ்சும் விட்டீங்களா?"

"விட்டேன்."

"ஏன்?"

"அவன் மேல பாவமா இருந்துச்சு."

"அப்போ நாங்க? எங்க போன மட்டும் புடுங்கி வச்சுக்கிறீங்க. எங்க மேல பாவம் வரலியா?"

"உங்க மேல வந்து விடியும்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும். என் தப்புதான்."

பரவாயில்லை என்று சுருட்டை சொல்லவில்லை. அக்காவும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. இருபதாம் பெட்டியிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். சுருட்டை வீடியோவைப் போட்டாள். பன்னிரண்டு நொடியும் பார்த்தாள். கருத்துகளுக்குப் போக விரல் நகர்ந்தது, அங்கேயே நின்றது. அக்கா திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மேலே போய்ப் பொத்தானை அழுத்தியது. திரை இருண்டது. "வாய மூடித் தூங்கியிருக்கலாம்" என்று முனகிக்கொண்டு, சுருட்டை போனைப் பையில் போட்டாள். டப்பாவைத் திறந்தாள். "அக்கா, தொறங்க. பாவம், வெளியில நிக்கிறாங்க."

மணி ஒன்று இருபத்திரண்டுக்கு ஷட்டர் ஏறியது.

அக்காவின் கை மின்னலாக வேலை செய்தது. டோக்கன், போன், டோக்கன், போன். பத்தே நிமிஷத்தில் அலமாரி காலியானது. அதே பத்து நிமிஷத்தில் படிக்கட்டுப் பேச்சு அணைந்து, எல்லாத் தலையும் குனிந்து, எல்லாத் திரையிலிருந்தும் அந்தக் குறட்டைச் சத்தம் கிளம்பியது. சிலர் திரையிலிருந்து நிமிர்ந்து, கவுண்டருக்குள் உட்கார்ந்து சாப்பிடும் சுருட்டையைப் பார்த்து, சட்டென்று அணைத்தார்கள். யாரோ திரையில் அந்தப் பச்சைப் பாட்டிலைச் சுட்டிக்காட்டினார்கள். "இது என் பாட்டில்டா! அப்போ எடுத்தது..." பதினெட்டாம் எண் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள்.

பதினேழு கூட்டத்துக்குக் கடைசியில், கையில் டோக்கனோடு நின்றான்.

"இவன்தான்டா!" "மூஞ்சக் காட்டு, மூஞ்சக் காட்டு!" "எடு, எடு, இவனயும் போடுவோம்!" போன்கள் உயர்ந்தன. ஐந்து, பத்து, இருபது. வட்டம் நெருங்கியது. பையன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, "நான் போடல... சும்மா விளையாட்டுக்கு நாலு பேருக்குத்தான் அனுப்பினேன்... நான் போடல..." என்றான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு அறுந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசர் "ஏய், ஏய்" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அக்கா பலகையைத் தூக்கி வெளியே வந்தாள். யாரையும் தள்ளவில்லை. தோளைப் பக்கவாட்டில் நுழைத்து நுழைத்துக் கூட்டத்துக்குள் போய், பையனுக்கு முன்னால், அவன் முகம் மறைகிற மாதிரி நின்றாள். அவள் அவ்வளவு உயரம் இல்லை. குதிகாலைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"தள்ளுங்கக்கா, உங்களுக்குத் தெரியாது. இவன் உள்ள போன் வச்சிருந்தான்."

"தெரியும். மூணு வாரமாத் தெரியும்" என்றாள் அக்கா. "செத்த போன குடுத்துட்டு உள்ள போனான். தெரிஞ்சே விட்டேன். தடுக்க வேண்டிய ஆளு நான். மூஞ்சி வேணும்னா இந்த மூஞ்ச எடுங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். பிறகு, நீண்டிருந்த போன்களில் எது மிகப் பக்கத்தில் இருந்ததோ அதன் கேமராவை நேருக்கு நேர் பார்த்து, படம் தெளிவாக விழ வேண்டும் என்பது போல, அசையாமல் நின்றாள்.